தோய வார்த்த தண்ணி

"எழுதணை அம்மா. என்ரை பேரைப் போடாதை, ஊரைப் போடாதை. உன்ரை பிழையை மட்டும் மறைக்காமல் போடு."

என்ரை மகள் சொன்னது அவ்வளவுதான். அவள் சொல்லி மூண்டு மாசமாச்சு. நான் கொப்பியை விரிக்கிறதும் மூடுறதுமா நாளைப் போக்காட்டினன். நாலு பேர் கூடின இடத்திலை வாய் மூடாத மனுசி நான். தையல் மெசினுக்கு முன்னாலை இருந்துகொண்டு ஊர்ப்புதினம் முழுக்கக் கதைப்பன். ஆனா இதை எழுத எண்டு இருந்தால் பேனை ஓடுதில்லை. வெக்கமாக் கிடக்கு. பிள்ளைக்கு நடந்ததாலை வந்த வெக்கமில்லை அது. நான் செய்ததாலை வந்த வெக்கம்.

நாங்கள் பருத்தித்துறைப் பக்கம், கடற்கரை ஊர். அதோடை நிப்பாட்டுறன். மகளுக்கு இருபத்தேழு வயசு, கந்தோரிலை வேலை. அவளைப் பலவந்தப்படுத்தி அந்த அநியாயத்தைச் செய்தவனைப் பற்றி நான் எழுதப்போறதில்லை. வழக்கு நடக்குது. அதோடை அது அவளின்ரை கதை, விரும்பினால் அவள் சொல்லட்டும். நான் எழுதிறது அதுக்குப் பிறகு நான் செய்ததையும், ஆஸ்பத்திரியிலை இருந்த நாலு நாளையும். எனக்கு முதல் ஒரு தாய் இப்பிடி எழுதி வைச்சிருந்தால் நான் அந்த வேலையைச் செய்திருக்கமாட்டன் எண்டு நினைக்கிறன். உண்மையா நினைக்கிறனோ, என்னை நானே சமாதானப்படுத்திறனோ தெரியாது.

அண்டைக்குப் பின்னேரம் மூண்டரை இருக்கும். நான் ஒரு பிளவுசுக்குக் கை வைச்சுத் தைச்சுக்கொண்டிருந்தன். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுது. வழமையாப் படலையடியிலையே "அம்மா, தேத்தண்ணி" எண்டு கத்திக்கொண்டு வாறவள், அண்டைக்குச் சத்தமில்லை. எட்டிப் பார்த்தன். தலைமயிரிலை மண். சட்டையின்ரை தோள் கிழிஞ்சு கிடந்தது. முகத்தைக் கண்ட உடனை பிளவுசை அப்பிடியே போட்டிட்டு எழும்பினன். கிட்டப் போனன். அவள் ஒரேயொரு வசனம்தான் சொன்னாள். நடந்தது என்ன, செய்தது ஆர், ரெண்டும் அந்த ஒரு வசனத்துக்குள்ளை இருந்தது.

நான் கட்டிப் பிடிக்கேல்லை. ஐயோ எண்டு கத்தவுமில்லை. நான் முதல் பார்த்தது மதிலுக்கு அங்காலை. பக்கத்து வீட்டுக்காரி நிக்கிறாளோ எண்டு பார்த்தன்.

எங்கடை பக்கத்திலை செத்தவீட்டுக்குப் போய் வந்தால் வீட்டுக்குள்ளை கால் வைக்க முதல் கிணத்தடிக்குப் போகவேணும். தலையிலை தண்ணி வார்த்து, உடுத்த உடுப்பை அப்பிடியே நனைச்சுப் போட்டிட்டுத்தான் உள்ளுக்கு வரலாம். துடக்கு, தீட்டு எண்டால் தண்ணி. சின்ன வயசிலை இருந்து கை பழகின வேலை. அண்டைக்கும் என்ரை கை என்னைக் கேக்காமல் அதைத்தான் செய்தது. இல்லை, கையிலை பழியைப் போடக்கூடாது. நான்தான் செய்தனான்.

பிள்ளையைக் கையிலை பிடிச்சு நேரே கிணத்தடிக்குக் கொண்டுபோனன். வாளி வாளியா அள்ளி வார்த்தன். சீயாக்காயும் எலுமிச்சங்காயும் போட்டுத் தலையைத் தேய்ச்சன். சவுக்காரம் போட்டு நகம் நகமா உரஞ்சினன். தலைமுழுக வடிவாத் தோய வார்த்தன். அவள் அசையாமல் நிண்டாள் எண்டுதான் எனக்கு ஞாபகம். பிறகு அவளின்ரை உடுப்பு முழுக்கச் சவுக்காரத் தண்ணியிலை ஊற வைச்சு, கல்லிலை அடிச்சுத் தோய்ச்சு, பின்வளவுக் கொடியிலை போட்டன். கிழிஞ்ச தோளைப் பிறகு தைச்சுப்போடலாம் எண்டுகூட ஒரு யோசினை ஓடினது. பாருங்கோ, நான் எப்பிடிப்பட்ட மனுசி எண்டு.

என்ரை மனுசன் கடலுக்குப் போற ஆள். அண்டைக்குக் காத்துக் கடுமை எண்டு தொழிலுக்குப் போகாமல் கரையிலை கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தவர். அஞ்சு மணிபோல வந்தார். பிள்ளை அறைக்குள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அவரைக் குசினிக்குள்ளை கூப்பிட்டு மெல்லமாச் சொன்னன். அவர் நேரே போய் அவளின்ரை அறை வாசலிலை நிண்டு கேட்டார்.

"பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போவமோ?"

"ஓம் அப்பா."

"உங்களுக்கென்ன விசரே?" எண்டு நான் பாய்ஞ்சன். "ஆஸ்பத்திரி எண்டால் பொலிஸ் வரும். பொலிஸ் எண்டால் ஊருக்கே தெரியும். நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?"

"அவள் ஓம் எண்டிட்டாள்" எண்டார் அவர். பொழுதுபடுகுது, ஓட்டோ பிடிக்கேலாது, விடியப் போவம் எண்டு நான் இழுத்தடிச்சு அந்த இரவையும் வீணாக்கினன்.

காலமை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரியிலை பேர் பதிஞ்சு துண்டு எடுக்கிற வரிசை வாசல்மட்டும் நிண்டது. எங்கடை முறை வந்தது. துண்டு எழுதிறவர் தலை நிமிராமல் "என்ன வருத்தம்?" எண்டார்.

"வயித்துக்குத்து" எண்டன் நான், பிள்ளை வாய் திறக்க முதல்.

அவள் என்னை விலத்திக்கொண்டு போய், அங்காலை நிண்ட மிஸ்ஸியிட்டைக் காதுக்குள்ளை ஏதோ சொன்னாள். நாங்கள் நேர்ஸை மிஸ்ஸி எண்டுதான் சொல்லுறது. அந்த மிஸ்ஸி துண்டையும் பார்க்கேல்லை, வரிசையையும் பார்க்கேல்லை. நேரே பெண்களுக்கெண்டு ஒதுக்கின ஒரு சின்ன அறைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. "சட்ட வைத்திய அதிகாரிக்கு அறிவிச்சிருக்கு, இப்ப வருவா" எண்டா.

சட்ட வைத்திய அதிகாரி எண்டால் செத்தாக்களை வெட்டிப் பார்க்கிற டொக்டர் எண்டுதான் நான் அதுவரைக்கும் நினைச்சிருந்தது. "ஐயோ மிஸ்ஸி, உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஏன் அந்த டொக்டர்?" எண்டு கேட்டன். உயிரோடை இருக்கிறவையின்ரை காயத்தைப் பார்த்து வழக்குக்கெண்டு கோட்டுக்கு அறிக்கை எழுதிறதும் அவையின்ரை வேலைதான் எண்டு மிஸ்ஸி சொன்னா. வந்தது ஒரு பொம்பிளை டொக்டர். என்ரை மகளிலும் நாலைஞ்சு வயசுதான் கூட இருக்கும்.

அவ கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளைக்கு நேரே இருந்து கதைச்சா. "தங்கச்சி, நான் என்ன செய்யப்போறன் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன். எந்த இடத்திலையும் நீங்கள் நிப்பாட்டச் சொல்லலாம். சோதிக்கவே வேண்டாம் எண்டாலும் மருந்து கட்டாயம் கிடைக்கும். ரெண்டுக்கும் சம்பந்தமில்லை."

பேந்து கேட்டா. "நடந்தாப் பிறகு தோய்ஞ்சனீங்களோ? உடுப்பு மாத்தினனீங்களோ?"

கேட்டது அவளை. பதில் சொன்னது நான்.

"ஓம் டொக்டர், வந்த உடனை தானே போய்த் தோய்ஞ்சிட்டாள். உடுப்பையும் தானே தோய்ச்சுப் போட்டாள். நான் கண்டாப் பிறகு தடுத்தனான்."

தடுத்தனானாம்! வாய் கூசாமல் சொன்னன். டொக்டர் எழுதினா. மகள் என்னை ஒருக்காப் பார்த்தாள், பிறகு முகட்டைப் பார்த்தாள். ஏன் பொய் சொன்னனெண்டால், டொக்டர் கேட்ட விதத்திலையே நான் செய்தது பிழை எண்டு எனக்கு விளங்கிட்டுது. ஒரு படிச்ச பிள்ளைக்கு முன்னாலை மொக்கு மனுசியா நிக்க எனக்கு விருப்பமில்லை. வேறை ஒரு காரணமும் இல்லை. என்ரை மானத்தைக் காப்பாத்த என்ரை பிள்ளையின்ரை தலையிலை பழியைப் போட்டன்.

என்னை வெளியாலை இருக்கச் சொல்லிச்சினம். அங்கை ஆக்கள் இருக்கிற நீட்டு வாங்கு ஒண்டு கிடந்தது. பக்கத்திலை இருந்த மனுசி கதைக்கத் தொடங்கினா.

"மகளுக்கு என்ன வருத்தம்?"

"அப்பென்டிக்ஸ்."

"எந்தப் பக்கம் குத்துதாம்?"

"ரெண்டு பக்கமும்."

மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்திட்டு அங்காலை அரக்கி இருந்தா. ரெண்டரை மணித்தியாலம் நான் அந்த வாங்கிலை இருந்தன்.

உள்ளுக்கு நடந்ததைப் பிறகு மகள் சொன்னதையும் மிஸ்ஸி சொன்னதையும் வைச்சுச் சொல்லுறன். வேறை தாய்மாருக்கு உதவும். உடம்பிலை ரத்தம் கட்டியிருந்த கண்டல் காயங்களைச் சின்ன அடிமட்டம் வைச்சு அளந்து, ஒரு ஆளின்ரை படம் கீறின தாளிலை அந்தந்த இடத்திலை குறிச்சவையாம். பஞ்சு சுத்தின குச்சியாலை மெல்லத் துடைச்சு எடுத்தவையாம். நகக்கண்ணைச் சுரண்டி எடுத்தவையாம். எடுத்தது ஒவ்வொண்டையும் தனித்தனிக் கடிதவுறையிலை போட்டு, பேரும் நேரமும் எழுதி ஒட்டினவையாம். அவள் ரெண்டு தரம் நிப்பாட்டச் சொன்னவளாம். நிப்பாட்டிப்போட்டு, அவள் தலையாட்டின பிறகுதான் தொடங்கினவையாம். கொடியிலை கிடந்த உடுப்பையும் வீட்டிலை இருந்து எடுப்பிச்சவை. அதைக் கடதாசிப் பையிலைதான் போடவேணுமாம். பொலித்தீன் பை எண்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சுப்போகும்.

பேந்து மருந்து. பிள்ளை தங்காமல் இருக்க ஒரு குளிசை. அது எவ்வளவு கெதியாப் போடுறமோ அவ்வளவு நல்லது. எயிட்ஸ் கிருமி தொத்தாமல் இருக்க வேறை குளிசை. அதை மூண்டு நாளுக்குள்ளை தொடங்கி, இருபத்தெட்டு நாளும் தவறாமல் போடவேணும். ஈரலைத் தாக்கிற கிருமிக்கு ஒரு ஊசி. பிறகு கிளினிக்குக்கு வந்து வந்து ரத்தம் குடுக்கவேணும், ஏனெண்டால் சில கிருமி உடனை ரத்தத்திலை தெரியாதாம். எல்லாம் சும்மாதான், ஒரு சதம் கேக்கேல்லை.

டொக்டர் அறையை விட்டு வெளிக்கிட, நான் பின்னாலை போய் மறிச்சன். இதையும் எழுதத்தான் வேணும்.

"டொக்டர், பிள்ளை... கெட்டுப்போச்சோ?"

அவ நிண்டா. கோபப்படுவா எண்டு நினைச்சன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

"அம்மா, கெட்ட வேலை செய்தது ஒருத்தன். உங்கடை பிள்ளை கெடேல்லை. நீங்கள் கேக்கிற விசயத்தை நாங்கள் பார்க்கிறதுமில்லை, எழுதிறதுமில்லை. அப்பிடி ஒரு சோதினையே இல்லை. அவவிட்டை ஒருக்காலும் உந்தக் கேள்வியைக் கேக்காதேங்கோ."

அறைக் கதவு அந்த நேரம் சாத்தியிருந்ததோ, திறந்து கிடந்ததோ எண்டு இண்டைவரைக்கும் யோசிக்கிறன். கேக்கப் பயமாக் கிடக்கு.

அவளை வாட்டிலை வைச்சிருந்தவை. ரெண்டாம் நாள் அந்த இருபத்தெட்டு நாள் குளிசை அவளைப் படாதபாடு படுத்திச்சு. குடிச்ச பிளேன்ரீகூட வயித்திலை நிக்கேல்லை, சத்தி சத்தியா எடுத்தாள். நான் கோப்பையை ஏந்திக்கொண்டு நிண்டன். மனநல டொக்டர் ஒருத்தரும் வந்து கதைச்சிட்டுப் போனார். அவரோடை அவள் நல்லாக் கதைச்சாள். என்னோடை, தண்ணி வேணும், போர்வை வேணும், அவ்வளவுதான். மருந்துக் களை எண்டு நான் எனக்குள்ளை சொல்லிக்கொண்டன்.

என்ரை மனுசன் ஆம்பிளை எண்டபடியாப் பார்வையாளர் நேரம் தவிர வாட்டுக்குள்ளை நிக்கேலாது. முழுநாளும் வெளியாலை வேப்பமரத்தடியிலை இருந்தார். ஆஸ்பத்திரித் தலையணை பிள்ளைக்குக் கழுத்து நோகுது எண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னன். மனுசன் வீட்டை போய், அவளின்ரை தலையணையை மடியிலை வைச்சுக்கொண்டு பஸ்ஸிலை வந்து இறங்கினார். பஸ்ஸிலை எல்லாரும் பார்த்திருப்பினம். மனுசனுக்கு ஒரு கூச்சமுமில்லை. பிள்ளை தலையணையை வாங்கி முகத்தை அதுக்குள்ளை வைச்சு முதல்முதலா அழுதாள்.

மூண்டாம் நாள் காலமை பொலிசிலை இருந்து ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்தா. முதல் நாள் வாட்டுக்கு வந்து தான் எடுத்த வாக்குமூலத்தை வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கத்தான். டொக்டர் நிரப்பின போமிலை இருந்த விபரமும் அதிலை இருந்தது. அமைதியா வாசிச்சுக்கொண்டு போனவ, "தானே தோய்ந்து, தானே உடுப்புகளைத் தோய்த்து" எண்ட இடத்திலை நிப்பாட்டினா.

"தங்கச்சி, உடனை ஏன் தோய்ஞ்சனீங்கள்? நான் குற்றம் சொல்லேல்லை. ஆனா கோட்டிலை அவனின்ரை லோயர் உந்த விசயத்தைத்தான் முதல் பிடிப்பார். ஆதாரத்தை நீங்களே ஏன் அழிச்சனீங்கள், ஒண்டும் நடக்காதபடியாலோ எண்டு கேப்பார். உங்களிட்டை ஒரு பதில் இருக்கவேணும்."

மகள் என்னைப் பார்க்கேல்லை. அதுதான் என்னைக் கொண்டுது. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், நான் உடைஞ்சிருப்பன். "தலையிடிக்குது. பிறகு கையெழுத்து வைக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பொலிஸ்காரப் பிள்ளை, மத்தியானம் வாறன் எண்டு எழும்பிப் போனா.

நான் இறங்கி மரத்தடிக்குப் போனன்.

"என்னவாம்?" எண்டார் இவர்.

"கையெழுத்து வைக்காமல் படுத்திருக்கிறாள். வழக்கே வேண்டாமெண்டு விட்டிடுவாளோ தெரியேல்லை. ஒருவேளை அதுவும் நல்லதுக்குத்தான்."

அவர் எழும்பி எனக்குக் கிட்ட வந்தார். "உடுப்பைத் தோய்ச்சது ஆரப்பா?"

நான் வாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தன்.

"அண்டைக்கு நான் வந்தபோது கொடியிலை கண்டனான். முப்பது வருசமா நீ காயப்போடுறதைப் பார்க்கிறன். வெயிலுக்கு நிறம் போயிடும் எண்டு உள்பக்கத்தை வெளியாலை மாத்திப் போடுறது நீ. பிள்ளை அப்பிடிப் போடுறவளே?"

"நான்தான்."

"அப்ப போய்ச் சொல்லு. அவள் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டாள். அதைப் பிடிச்சுக்கொண்டு நீ தப்பாதை."

கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவர் என்னோடை அவ்வளவு நீட்டுக்குக் கதைச்சது கிடையாது. நான் திரும்ப வாட்டுக்கு ஏறினன்.

மத்தியானம் அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை வந்தா. டொக்டரும் பார்க்க வந்திருந்தா. மிஸ்ஸி ஊசி ஏத்திக்கொண்டு நிண்டா. மூண்டு பேரும் ஒண்டா நிக்காத நேரம் பார்த்துச் சொல்லலாம் எண்டு மனம் சொல்லிச்சு. அப்பிடி நேரம் பார்த்தால் ஒருநாளும் சொல்லமாட்டன் எண்டு எனக்கே தெரியும்.

"டொக்டர், நான் பொய் சொன்னனான்" எண்டன். "அவள் தானாத் தோயேல்லை. நான்தான் கிணத்தடிக்குக் கொண்டுபோய்த் தோய வார்த்தனான். நகத்தைக்கூட உரஞ்சிக் கழுவினது நான். உடுப்புத் தோய்ச்சதும் நான். தடுத்தனான் எண்டதும் பொய். ஊருக்குப் பயந்து செய்தனான். உங்களுக்குப் பயந்து அவளிலை போட்டனான்."

டொக்டர் பைலைத் திறந்தா. ஏசேல்லை. "இப்பவாவது சொன்னது நல்லது அம்மா. ஆனா நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னதா மட்டும்தான் நான் எழுதலாம்." பிறகு பிள்ளையின்ரை பக்கம் திரும்பினா. "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

"அம்மா சொன்னது சரி. அம்மாதான் வார்த்தது." பிறகு டொக்டரைப் பார்த்துச் சொன்னாள். "தோயக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், வாசிச்சிருக்கிறன். நான் வேண்டாமெண்டு சொன்னனான். வேண்டாமணை அம்மா எண்டு ரெண்டு தரம் சொன்னனான்."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனை நிண்டுது.

எனக்கு அந்தச் சொல்லு ஞாபகமில்லை. சத்தியமா இல்லை. வாளிச் சத்தம் ஞாபகமிருக்கு. பக்கத்து வீட்டு றேடியோ ஞாபகமிருக்கு. அவளின்ரை குரல் மட்டும் இல்லை. ஆனா என்ரை பிள்ளை பொய் சொல்லுறவள் இல்லை. அண்டைக்கு ஒரே நாளிலை ரெண்டு பேர் அவள் வேண்டாமெண்டு சொன்னதைக் கேக்கேல்லை. ஒருத்தனைப் பிடிக்கப் பொலிஸ் தேடிச்சு. மற்றது நான். நான் அவளுக்குப் பக்கத்திலை கதிரை போட்டு இருந்தன்.

அவள் கையெழுத்து வைச்சாள்.

டொக்டர் போகமுதல் எங்கள் ரெண்டு பேருக்கும் சொன்னதை இங்கை எழுதிறன், ஏனெண்டால் இது தெரியாமல் எத்தினை பேர் வீட்டோடை இருந்திருப்பினமோ தெரியாது. தோய்ஞ்சாலும், உடுப்புத் தோய்ச்சாலும் எல்லாம் அழிஞ்சுபோச்சு எண்டு வராமல் இருக்கக்கூடாது. சில தடயம் தண்ணிக்குத் தப்பும். கண்டல் காயம் தண்ணிக்குப் போகாது. ஆனா வார்க்காமல் கொண்டுவந்தால் அது வேறை. உடுத்த உடுப்போடை, சீவாத தலையோடை, அப்பிடியே கொண்டுவாங்கோ. பொலிசுக்குப் போறதோ இல்லையோ பிறகு யோசிக்கலாம். வளந்த பிள்ளை எண்டால் அதை அவதான் முடிவெடுக்கவேணும். மருந்து காத்திருக்காது. தாய்மாரே, தண்ணி வாளியைக் கீழை வையுங்கோ. பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ.

நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டை போக விட்டினம். இருபத்தெட்டு நாளும் குளிசையை அவளே நேரம் வைச்சுப் போட்டாள். இதுவரைக்கும் எடுத்த ரத்தச் சோதினை எல்லாம் சுகம். செய்தவனைப் பிடிச்சாச்சு, பிணையிலை நிக்கிறான். தடயத்தின்ரை முடிவு கொழும்பிலை இருந்து இன்னும் வரேல்லை. அது வந்து, அதிலை ஒண்டும் இல்லை எண்டு இருந்தால், அந்தத் தண்ணி நான் வார்த்த தண்ணி. அந்தப் பயத்தோடைதான் நான் படுத்தெழும்புறன்.

அவள் திரும்ப வேலைக்குப் போறாள். தகப்பனோடை சிரிச்சுக் கதைக்கிறாள். என்னோடையும் கதைக்கிறாள், ஆனா அளந்துதான். எனக்கு அது போதும், எனக்குக் கிடைக்கவேண்டியதிலும் அது கூட.

போன ஞாயிற்றுக்கிழமை தோய்ஞ்சிட்டு வந்து வெயிலிலை இருந்து தலைமயிரைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். நீட்டு மயிர் அவளுக்கு, சிக்குப் பட்டுக் கிடந்தது. முந்தியெண்டால் கேள்வி இல்லை, தலையைப் பிடிச்சு மடியிலை சாய்ச்சு, அவள் கத்தக் கத்த இழுத்துப் பின்னிவிடுவன். அண்டைக்குச் சீப்போடை பின்னாலை போய் நிண்டு கேட்டன்.

"பிள்ளை, தலை இழுத்து விடட்டோ?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசிச்சாள்.

"வேண்டாமணை."

கையிலை மயிர் முட்டுற தூரத்திலைதான் நிண்டனான். சீப்பை அவளுக்குப் பக்கத்திலை வைச்சிட்டு உள்ளுக்கு வந்திட்டன்.